ஃபிலிப்பாவின் பின்னால் போன பால்கனி

ஃபிலிப்பா வீட்டைக் காலி செய்துகொண்டு போன அன்றைக்கு, அவளுடைய பால்கனியும் கூடவே கிளம்பிப் போய்விட்டது. தப்பு அவளுடையதுதான். இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் மாடியில் குடியிருக்கும் எந்தப் பெண்ணும் ஒரு மீனுக்காகப் படி இறங்கமாட்டாள். பால்கனியிலிருந்து கயிற்றில் கட்டிய கூடையைக் கீழே விடுவாள், கடைக்காரன் கேட்டதைப் போடுவான், இழுத்துக்கொள்வாள். வீடு மாறும்போது கைப்பிடிக் கம்பியிலிருந்து அந்தக் கயிற்றை அவிழ்க்க வேண்டும் என்பது அங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஃபிலிப்பாவுக்கு அன்று இருந்த ஆத்திரத்தில் அது மறந்துபோயிற்று. காபிப் பாத்திரத்தையும் பழைய செருப்பையும் கூடையில் வைத்து இறக்கினாள், படி வழியாகக் கீழே வந்தாள், கூடையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். சந்து முனையில் கயிறு விறைத்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தாள். மூன்றாம் மாடியில் இருந்த பால்கனி, பூந்தொட்டிகளோடும் காயப்போட்டிருந்த இரண்டு துண்டுகளோடும் சுவரிலிருந்து கழன்று, கயிற்றில் பிடித்த ஆடு மாதிரி அவள் பின்னால் மிதந்து போனது.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே அதைவிடப் பெரியதெல்லாம் இடம் தெரியாமல் போனதுண்டு. ஃபிலிப்பா பேருந்துக்கு நின்றபோது பால்கனியும் மேலே நின்றது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் கூடையை வைத்துக்கொண்டு போனபோது, அதே மூன்றாம் மாடி உயரத்தில், துண்டுகள் படபடக்க, அதுவும் பின்னால் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்த இடத்திலெல்லாம் நின்றது, பிறகு ஓடிவந்து பேருந்தைப் பிடித்தது. ஜனங்கள் வாயைப் பிளந்தது அதற்குத்தான். அந்த ஊரில் சிவப்பு விளக்குக்கு நிற்பவர்களை யாரும் பார்த்ததில்லை.

அவளுக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உப்புக்காரர் சந்தில் அந்த வீடுதான். புருஷன் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். வீட்டுக்காரப் பிரபுவின் வாரிசுகள் மாளிகையை மிலான் நகரத்து லொடோவிகோவுக்கு விற்றுவிட்டார்கள். லொடோவிகோ ஒல்லியான மனிதன், காலுறை போடமாட்டான், ஒரு சுவரைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவுவான். குடியிருந்தவர்களை ஒவ்வொருவராக இனிக்க இனிக்கப் பேசிக் கிளப்பினான். ஃபிலிப்பாவுக்கு ஊர்க்கோடியில் ஒரு அடுக்குமாடியின் தரைத்தளத்தில் வீடு பார்த்துக் கொடுத்து, கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்கள்தான் இந்த வீட்டின் ஆன்மா என்றும் சொன்னான். ஆன்மாவை வெளியே அனுப்பிவிட்டு உடம்பில் ஹோட்டலுக்குப் பதினோரு அறை போட்டான்.

அந்த ஹோட்டலுக்கு 'நிசப்தம்' என்று பெயர். மார்க்கெட் சத்தத்தில் சொந்தக் குரலே காதில் விழாத சந்தில், இப்படி ஒரு பெயர் வைக்க மிலானிலிருந்துதான் ஆள் வரவேண்டும். பெயர்ப்பலகை தீப்பெட்டி அளவு. கண்டுபிடிக்க முடிந்தவர்கள் வந்தால் போதுமாம். ஈரம் ஊறிப் பொரிந்த சுவரைப் பூசித் தரச்சொல்லி ஃபிலிப்பா அந்தக் காலத்தில் வீட்டுக்காரரிடம் கெஞ்சாத கெஞ்சலில்லை. லொடோவிகோ அதே பொரிந்த சுவருக்கு மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்து, விளக்குப் போட்டுக் காட்டினான். வந்தவர்கள் அதன் முன்னால் நின்று பெருமூச்சு விட்டார்கள். குளிக்கிற தொட்டி படுக்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது, கதவும் இல்லை, மறைப்பும் இல்லை. புருஷன் பெண்டாட்டியே மூன்றாம் நாள் முகம் பார்த்துப் பேச முடியாத ஏற்பாடு. காலைச் சாப்பாட்டுக்குத் தாம்பாளம் அளவு தட்டில் ஒரே ஒரு அத்திப்பழம் வரும், அதையும் பாதியாக வெட்டித்தான் வைப்பார்கள். எதிர்வீடுகளில் துணி காயப்போடக் கூடாது என்று நயமாகக் கேட்டுக்கொண்டு, யாரும் ஒருநாளும் உடுத்தாத வெள்ளைத் துணிகளை இஸ்திரி போட்டு ஹோட்டலே கொடியில் தொங்கவிட்டது, புகைப்படத்துக்கு.

எல்லாப் புகைப்படத்திலும் அந்த மூன்றாம் மாடி பால்கனிதான் முன்னால் நின்றது. அதை நம்பித்தான் ஜனம் வந்தது. ஆனால் பால்கனிதான் அங்கே இல்லையே. முதல் வாரமே ஒரு ஸ்வீடன்காரர் கையில் ஒயின் கிண்ணத்தோடு கதவைத் திறந்து, சாயங்காலக் காற்று வாங்க ஒரு எட்டு எடுத்து வைத்தார். கீழே மீன்கடை வஸ்தியானோவின் தார்ப்பாய் இருந்ததால் பிழைத்தார். நெத்திலிக் குவியலுக்கு நடுவே எழுந்து உட்கார்ந்த மனிதர், இந்தப் பயணத்திலேயே மிக உண்மையான அனுபவம் இதுதான் என்று ஊருக்கெல்லாம் சொன்னார். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் குதிக்க வந்தார்கள். லொடோவிகோவுக்கு மயிர் நரைத்தது.

ஊர்க்கோடியில் ஃபிலிப்பா படுகிற பாட்டைக் கேட்க ஆளில்லை. வீடு தரைத்தளத்தில், பால்கனியோ பழகின உயரத்தை விட்டு இறங்கமாட்டேன் என்று மூன்றாம் மாடியில் நின்றது. அங்கே குடியிருந்த ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி, வலிய வந்த சீதேவியை விடுவானேன் என்று அதில் காலுறை காயப்போட்டார். ஃபிலிப்பா அவரிடம் சண்டை போட்டுப் பார்த்தாள். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். மன்னிப்புக் கேட்கிற மனிதரோடு என்னத்தைச் சண்டை போடுவது? அவர் வீட்டு வழியாகப் பால்கனிக்கு ஏறிக் கூடையைக் கீழே விடுவாள். மீன் என்று கூவிக்கொண்டு ஒருத்தனும் வரமாட்டான். கார்கள் நிற்கும், கார்கள் போகும். யாரோ கூடையில் பீட்சாக் கடை விளம்பரத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. அவளுக்கு வேண்டியது மெலினா.

மெலினா சந்தில் எதிர்வீட்டு மூன்றாம் மாடி. கை நீட்டினால் உப்பு வாங்கலாம், அவ்வளவு நெருக்கம். ஆனால் முப்பது வருடமாக உப்பு வாங்கியதில்லை. ஒரு ஆகஸ்டு மாதம் மெலினா கீழே சந்தில் பலகையில் தக்காளி விழுதைப் பரப்பி வெயிலில் வைத்திருந்தபோது, ஃபிலிப்பா மேலே நின்று கம்பளத்தை உதறிவிட்டாள். வேண்டுமென்றா, தெரியாமலா என்று அவளுக்கே இப்போது நிச்சயமில்லை. அன்றைக்குத் தொடங்கிய சண்டை, காலையில் ஜன்னல் திறந்ததும் ஆரம்பித்து, மத்தியானத் தூக்கத்துக்கு நின்று, சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து தொடரும். வஸ்தியானோ அதைக் கேட்டுத்தான் கடை திறப்பான். ஃபிலிப்பாவின் புருஷன் செத்த அன்றுகூட மெலினா துக்கத்துக்கு வரவில்லை. மறுநாள் விடிந்ததும் வழக்கத்தைவிட உரக்கத் திட்டினாள், ஃபிலிப்பா படுக்கையை விட்டு எழுந்து வந்து பதில் சொல்லும்வரை விடவில்லை. அதன் அருமை தரைத்தளத்துக்கு வந்த பிறகுதான் ஃபிலிப்பாவுக்கு உறைத்தது.

ஆகவே லொடோவிகோ பூங்கொத்தோடு வந்து நின்றபோது அவள் கதவைச் சாத்தவில்லை. பாரந்தூக்கி கொண்டுவந்து பால்கனியைக் கட்டி இழுத்துப் பார்த்தானாம், அது அசையவில்லையாம். இப்போது வேலை தருகிறேன் என்றான். பால்கனியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், தினமும் வந்து அதில் நிற்க வேண்டும், முன்னே மாதிரியே கூடை இறக்க வேண்டும், எதிர்வீட்டைப் பார்த்துச் சத்தம் போட வேண்டும். "நீங்க நீங்களா இருந்தா போதும், சிஞ்ஞோரா" என்றான். சந்துக்குத் திரும்புகிறோம் என்பது ஒன்றுதான் அவள் காதில் விழுந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டாள். பால்கனி சமர்த்தாகப் பின்னால் வந்து, பழைய பள்ளத்தில் பொருந்தி உட்கார்ந்தது. சுங்க அதிகாரியின் காலுறை ஒரு ஜோடியும் அதோடு வந்துவிட்டது.

அவள் அவளாக இருந்தால் போதாது என்பது மறுநாளே தெரிந்தது. அவள் உடுத்துகிற பூப்போட்ட கவுன் சரிப்படாது என்று கறுப்பு அங்கியும் தலைக்குக் கறுப்புத் துணியும் கொடுத்தார்கள். அவளுடைய அம்மாகூட அப்படி உடுத்தியதில்லை. கூடைக்கு எலுமிச்சம்பழமும் இலையும் வைத்து அலங்காரம் செய்தார்கள். வஸ்தியானோ அதில் மீனை எங்கே போடுவது என்று தெரியாமல் விழித்தான். இயல்பாகக் கத்துவது எப்படி என்று கற்றுக்கொடுக்க போலோஞ்ஞா நகரத்திலிருந்து ஒரு நாடகக்காரப் பெண் வந்தாள். வயிற்றிலிருந்து கத்த வேண்டுமாம். சமையலறை வாசல் வழியாக உள்ளே வந்து, குளிக்கிற தொட்டியில் ஊறிக்கிடக்கும் விருந்தாளிகளைத் தாண்டி, அவர்களுக்கு ஒரு வணக்கமும் சொல்லிவிட்டுத் தன் சொந்தப் பால்கனிக்கு அவள் போனாள். சத்தம் போட நேரம் குறித்திருந்தார்கள். பக்கத்து அறையில் யாராவது தியானம் செய்தால் மணி அடிப்பார்கள், அப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் அவள் மெலினாவுக்காகப் பொறுத்துக்கொண்டாள். முதல் நாள் பழைய தக்காளிக் கதையிலிருந்து தொடங்கினாள். மெலினாவின் அண்ணன் இராணுவத்திலிருந்து ஓடிவந்தது, அவள் செய்கிற கத்தரிக்காய்ப் பொரியலில் எண்ணெய் மிதப்பது, ஒன்றையும் விடவில்லை. விருந்தாளிகள் கை தட்டினார்கள். எதிர்ஜன்னலில் மெலினா ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய் மரக்கதவைச் சாத்தினாள். மறுநாளும் சாத்தினாள். அதற்கடுத்து வந்த நாட்களில் திறக்கவே இல்லை. ஃபிலிப்பா தொண்டை கிழியக் கத்தினாள். சாத்தின கதவைப் பார்த்துக் கத்திய கத்து ஹோட்டலில் நல்ல பெயர் வாங்கியது. விருந்தாளிகள் முன்பதிவு செய்துகொண்டு கேட்டார்கள், ஒரு ஜெர்மன் அம்மாள் கண்ணீர் விட்டாள். ஃபிலிப்பாவுக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஒருநாள் மீன்கடையில் மெலினா வந்து நின்றபோது ஃபிலிப்பா கறுப்பு அங்கியோடு இறங்கி ஓடினாள்.

"ஏண்டி, வாய்ல கொழுக்கட்டையா? ஒரு பதில் சொன்னா உன் சொத்தா கொறஞ்சிடும்?"

மெலினா நெத்திலியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "முப்பது வருஷம் என்னைத் திட்டின, நானும் திட்டினேன். அது நமக்குள்ள. இப்போ நீ திட்டுறதுக்கு அந்தக் காலுறை இல்லாதவன் சம்பளம் குடுக்கிறான். சம்பளத்துக்குத் திட்டுறவளுக்கு நான் எதுக்குடி வாயைத் தொறக்கணும்? என்னை அவ்ளோ கேவலமா நினைச்சிட்டியா?"

ஃபிலிப்பாவுக்குச் சுருக்கென்றது. வஸ்தியானோ தராசைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மேலே போனாள். அறையில் ஒரு தம்பதி பாதி அத்திப்பழத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைத்துணியை அவிழ்த்து அந்தத் தட்டிலேயே போட்டாள். கூடையிலிருந்த எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டித் தண்ணீரில் விட்டாள். லொடோவிகோ ஓடிவந்து, கூட்டித் தருகிறேன், மேற்பார்வை வேலை தருகிறேன் என்று என்னென்னவோ சொன்னான். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கூடையை இறக்கினாள், கீழே வந்தாள், கையில் எடுத்தாள், இழுத்தாள். பால்கனி கழன்று வந்தது. இந்த முறை கயிற்றை அவிழ்க்க மறந்ததால் அல்ல. ஆனால் சந்து நடுவே வந்ததும் கால் நின்றுவிட்டது. எந்தப் பக்கம் போவது? ஊர்க்கோடிக்குப் போனால் மன்னிப்புக் கேட்கிற மனிதர், நிறுத்தி வைத்த கார்கள். வேறே போக்கிடம் இல்லை. தலைக்கு மேலே பால்கனியும் அவளைப்போலவே திகைத்து நின்றது. மார்க்கெட்டே ஒரு கணம் வாயை மூடிக்கொண்டது. 'நிசப்தம்' ஹோட்டலுக்கு அதுவரை கிடைக்காத நிசப்தம் அது.

மரக்கதவு படாரென்று திறந்தது.

"அடியே, எவ்ளோ நேரம் அங்கயே நிப்ப? உன் பால்கனி வெயில மறைக்குது. என் தக்காளி காய வேணாமா?"

"நின்னா என்ன? சந்து உன் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றாள் ஃபிலிப்பா. சத்தமாகவே சொன்னாள்.

"இந்தப் பக்கமா இழுடி, முட்டாளே. சுவரோரமா. சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா. அங்க வெயிலே கெடையாது."

இழுத்தாள். வந்தது. மெலினாவின் சமையலறைச் சுவரில் போய் ஒட்டி உட்கார்ந்தது. இராணுவத்திலிருந்து ஓடிவந்த அந்த அண்ணனே ஜன்னலை இடித்துக் கதவாக்கிக் கொடுத்தார். மறுநாள் காலை காபிக் கிண்ணத்தைக் கழுவாமல் வைத்ததற்காக மெலினா ஃபிலிப்பாவை வாங்கு வாங்கென்று வாங்கினாள், நான் என்ன உன் வேலைக்காரியா என்று. ஃபிலிப்பா உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சரிக்குச் சரி திருப்பிக் கொடுத்தாள். இதற்கு யாரும் சம்பளம் தரவில்லை.

அப்புறம் வருடங்கள் போயின. நகராட்சி ஆட்கள் வந்து பால்கனியைப் பார்த்துவிட்டு, சுவர் மாறியிருப்பதால் வரி மாறும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஹோட்டல் மூன்றாம் மாடிக் கதவுக்குக் கம்பி போட்டது. அந்த அறையில் தங்குகிறவர்கள் கதவைத் திறந்தால் நேரெதிரே இரண்டு பெண்கள் பட்டாணி உரித்துக்கொண்டே, அவர்களுடைய தொந்தியையும் உள்ளாடையையும் பற்றி அபிப்பிராயம் சொல்வார்கள். வாடகை அதனால் ஏறியதே தவிர இறங்கவில்லை. சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவே ஒரு வாசற்படிதான், ஆனாலும் இரண்டு பேரும் முன்னே மாதிரி சந்து முழுக்கக் கேட்கும்படி உச்சக் குரலில்தான் கத்திக்கொள்கிறார்கள். ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள், மெதுவாகப் பேசினாலே கேட்குமே என்று வஸ்தியானோ ஒருமுறை சொல்லிப் பார்த்தான். உன் மீனைப் பாரடா என்றார்கள் இரண்டு பேரும்.