ஓடச் சொன்ன உடம்பு

ரயில் போத்தோங் பாசிர் நிலையத்தைத் தாண்டியதும் மிரண்டாவுக்கு நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்ளத் தொடங்கியது. பொங்கோல் வீட்டிலிருந்து லிட்டில் இந்தியாவில் உள்ள பல் கிளினிக்குக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வழக்கமான கூட்டம்தான். பயப்படும்படி எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் உள்ளங்கை வேர்த்தது, வாய் உலர்ந்தது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கைப்பேசியைப் பிடித்திருந்த விரல்கள் உள்பக்கமாக மடங்கி விறைத்துக்கொண்டன.

அவளுடைய அப்பா லாசரஸ் போன வருடம் மாரடைப்பில் இறந்தவர். தனக்கும் அதுவேதான் என்று அவள் முடிவே செய்துவிட்டாள். அடுத்த நிலையமான பூன் கெங்கில் இறங்கி நடைமேடையிலேயே உட்கார்ந்தாள். நிலைய ஊழியர் ஆம்புலன்ஸை அழைத்தார்.

ஆஸ்பத்திரியில் இசிஜியும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தன. டாக்டர் சிவானி நிதானமாக விளக்கினார். ஆபத்து வந்துவிட்டதென்று மூளை தப்பாக நினைத்ததும், சிறுநீரகங்களின் மேலிருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. தப்பி ஓடுவதற்காக இதயம் ரத்தத்தைத் தசைகளுக்குத் தள்ளுகிறது. அவளுக்குக் காற்று குறையவில்லை. வேகவேகமாக மூச்சு வாங்கியதில் ரத்தத்தில் கரியமில வாயுதான் குறைந்துபோனது. விரல் மடங்கியது அதனால்தான். இந்தப் பதற்றம் உச்சத்துக்குப் போனபின் தானாக இறங்கிவிடும் என்றார்.

டாக்ஸி ஏறும்வரைதான் அந்த நிம்மதி. அப்புறம் கழுத்துத் துடிப்பைத் தொட்டுப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடிக்கும். அடித்தால் பயம் வரும். பயந்தால் இன்னும் அடிக்கும். கோப்பி குடிப்பதை விட்டாள். ரயிலையும் விட்டுவிட்டு, பஸ் மாறி மாறி வேலைக்குப் போனாள். கிளினிக்கில் கூட வேலை பார்க்கும் ருக்ஸானாவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. கண்ணெதிரே கணவரைப் பறிகொடுத்தவரிடம் நெஞ்சு என்ற சொல்லை எப்படி எடுப்பது?

அப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலி, லிட்டில் இந்தியா பக்கம் உள்ள மாதா கோவிலில், ஞாயிற்றுக்கிழமை வந்தது. முழங்கால் வலியோடு பஸ் மாற முடியாது, ரயிலிலேயே போகலாம் என்றார் அம்மா அற்புதமேரி. மறுக்கக் காரணம் கிடைக்காமல் மிரண்டா ஏறினாள்.

செராங்கூன் வரை ஜெபமாலையை உருட்டும் அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதன்பின் அது வந்தது. விரல்கள் மறுபடி மடங்கின. காது அடைத்தது. சட்டைக்குள் வேர்வை இறங்கியது. அம்மா திரும்பிப் பார்த்தார். அவர் முகமும் வெளுத்தது. எழுந்து, கதவோரத்தில் இருந்த அவசரப் பொத்தானை நோக்கி நகர்ந்தார்.

மிரண்டா அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாம்மா. இது அப்பாவுக்கு வந்தது இல்ல. உக்காருங்க, சொல்றேன்."

"உன் முகம் அப்படியே அவர் முகம் மாதிரி இருக்குடி."

"அட்ரினலின் ஏறுதும்மா. அதான் இதயம் வேகமா அடிக்குது. நான் ஓடறதுக்காக ரத்தத்தைக் காலுக்கு அனுப்புது."

"எதுக்கு ஓடணும்?"

"தெரியலம்மா. ஏதோ ஆபத்துன்னு உடம்பு நினைச்சிருச்சு."

அம்மாவை அமைதிப்படுத்தத்தான் பேசத் தொடங்கினாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்க மூச்சை நீளமாக விடவேண்டியிருந்தது. மடங்கிய விரல்களைக் காட்டி அதற்குக் காரணம் சொன்னாள். முதல் தடவை ஆம்புலன்ஸில் போனதையும் சொன்னாள். நடுவே ஒரு கணம், தான் சொல்வதெல்லாம் பொய், இப்போது சாகத்தான் போகிறோம் என்று தோன்றியது. அப்போதும் நிறுத்தவில்லை. அம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே இருந்தார். ஃபேரர் பார்க்கில் கதவு திறந்தபோது கால்கள் எழத் துடித்தன. அவள் எழவில்லை.

கதவு மூடிக்கொண்டது. அதற்கப்புறம், அலை வடிவதுபோல், நெஞ்சு மெதுவாக அடங்கியது.

லிட்டில் இந்தியாவில் இறங்கினார்கள். எஸ்கலேட்டரில் அம்மா அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டார். அப்பா போனதிலிருந்து ராத்திரியில் மகள் மூச்சு விடுகிறாளா என்று தானும் எழுந்து எழுந்து பார்ப்பதாக அப்போதுதான் சொன்னார்.

கோவிலில் வாசலுக்குப் பக்கத்து வரிசையில்தான் உட்கார்ந்தார்கள். அப்பாவின் பெயரை வாசித்தபோது மிரண்டாவின் கை கழுத்துக்குப் போனது. பாதியிலேயே அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.