நாலு கட்டம்

மாமனாரின் தலையை ஒரு கையால் தாங்கி, உறை மாற்றிய தலையணையை அடியில் நகர்த்திக்கொண்டிருந்தாள் மருமகள். அவருடைய கைப்பேசி அடித்தது. விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்ட மனிதரைத் தேடி யார் என்று எடுத்தாள். வார இதழில் பக்கம் வடிவமைக்கிறவர்.

விஷயத்தைச் சொன்னாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. இந்த வாரப் புதிர்ல ஒரே ஒரு குறிப்பு மட்டும் வரல. பன்னெண்டுக்குள்ள வரலேன்னா பழைய புதிர் ஒண்ணப் போட்டுடுவாங்க."

மணி பதினொன்று தாண்டியிருந்தது.

மாமனார் முப்பது வருடமாக அந்த இதழுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் தயாரித்தவர். தெருவில் அவருக்குக் கட்டக்காரர் என்றே பெயர். இந்த வாரம் எல்லா விடையும் 'கை' என்றே தொடங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கைக்குட்டை, கைராசி, கைப்பிடி, கைக்குழந்தை. குறிப்பு எழுதியதும் சமையலறை ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, விடையை மறைத்துக்கொண்டு அவளுக்குப் படிப்பார். அவள் கண்டுபிடித்தால்தான் அது வீட்டை விட்டுப் போகும்.

"என் மருமகளுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பத்தாவதோடு நின்றுவிட்ட அவளுக்கு ஆரம்பத்தில் அது சுருக்கென்று தைத்தது. போகப்போகத்தான் தெரிந்தது, பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அவளைத் தப்பு என்று சொன்னதில்லை. தப்பெல்லாம் குறிப்பின் தலையில்தான் விழும். அந்த வீட்டில் அவளை யோசிக்கச் சொல்லிக் காத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

நேற்றும் வந்து உட்கார்ந்தார்.

"மேகம் எதிர்பார்க்காதது. நாலு கட்டம்."

"கைக்குடையா, மாமா?"

இருமல் வரும்வரை சிரித்தார். "நாலு கட்டத்துக்கும் கச்சிதமாப் பொருந்துது பாரு. அது இல்லம்மா. குறிப்பு சரியில்ல. நாளைக்குப் பாத்துக்கலாம்."

தெரிந்த மாதிரி தலையாட்டியிருந்தால் நேற்றே அனுப்பியிருப்பார். அந்த நினைப்பு காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது.

அவருடைய நோட்டை எடுத்துப் பிரித்தாள். கடைசிப் பக்கத்தில் மேகம் அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே 'பிரதியுபகாரம்' என்று ஒன்று, அதுவும் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் விடை இருந்தது. கைம்மாறு.

வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த கணவன் எட்டிப் பார்த்தான். "இப்ப எதுக்கு அந்த நோட்டு? பழசே வந்துட்டுப் போகட்டும். யாரு பாக்கப் போறா?"

"அவரோட கடைசிப் புதிருங்க. பத்து நிமிஷம்."

அவன் மறுபடி நாற்காலி போடப் போனான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் விடை சொன்னவளுக்குக் கேள்வி கேட்க வரவில்லை. இரண்டு எழுதி அடித்தாள். மூன்றாவதை எழுதியபோது பென்சில் முனை உடைந்தது. சீவிக்கொண்டு முடித்தாள்.

சரியாக இருப்பதாகத்தான் பட்டது. ஆனால் ஒருவர் கண்டுபிடிக்காமல் வெளியே அனுப்புவதில்லை. அவள் வாசலுக்குப் போனாள். புதிர் பக்கத்தை வாழ்க்கையில் திருப்பிப் பார்த்திராத கணவன்தான் அங்கே இருந்தான்.

"ஒண்ணு படிக்கிறேன். கேளுங்க. 'கை'யில ஆரம்பிக்கும், நாலு கட்டம்."

"என்கிட்டயா?"

"வாங்கிக்கொண்டே இருந்தவர் தேடுவது, கொடுத்தவர் கேட்காமலே போனது."

அவன் நாற்காலியைப் பிடித்தபடி நின்றான். சீக்கிரம் என்று அவள் சொல்லவில்லை. அவன் பார்வை கூடத்துக்குள் போய், புது உறை போட்ட தலையணையில் நின்றது. உதடு எழுத்தெழுத்தாக அசைந்தது. வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். நாலு மடங்கியது, கட்டைவிரல் மட்டும் நின்றது.

"சரியா இருக்கு," என்றான். "அனுப்பு."