லாபத்துக்கு ஒரு கோடு

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் உண்ணாமலை வேலையில் படு சுத்தம். வாய் மட்டும் அன்றைக்கு ஊரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அறுவடைக்கு ஐந்து நாள் லீவு போட்டுவிட்டு தா.பழூர் போனவள், அப்பாவோடு களத்தில் நெல் அளந்துவிட்டு, சுணை அரிப்பு அடங்குமுன்னே அரியலூருக்கு பஸ் ஏறியிருந்தாள். அது தொண்ணூற்று ஒன்பதாம் வருஷத்துத் தை மாதம். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் வராததுமாக ஒரு சிசேரியன் கேஸ். விக்கிரமங்கலத்துச் செங்கமலத்துக்குத் தலைப்பிள்ளை, வயிற்றில் குறுக்கே கிடந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் ஊசிகளை அவித்து அவித்துத் திரும்பவும் எடுப்பார்கள். காதில் நூல் கோக்கிற வளைந்த ஊசிகள். வயிற்றைத் திறக்குமுன் உண்ணாமலை அவற்றை எண்ணினாள். முந்தின நாள்தான் சென்னையிலிருந்து வேலைக்கு வந்திருந்த நர்ஸ் லீலாவதி, கரும்பலகையில் ஊசிக்கு ஒரு கோடு போட்டாள். மூடுமுன் மறுபடி எண்ண வேண்டும். கோடும் ஊசியும் ஒத்துப்போனால்தான் டாக்டர் வேணுகோபால் வயிற்றை மூடுவார்.

பெண் குழந்தை. பிறந்ததும் வீல் என்று ஊரைக் கூட்டியது. டாக்டர் கர்ப்பப்பையைத் தைத்து முடித்து, "எண்ணும்மா" என்றார்.

உண்ணாமலை ஊசிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு."

"போர்டுலயும் ஆறு கோடு. சரியா இருக்கு சார்," என்றாள் லீலாவதி.

டாக்டர் அடுத்த நூலுக்குக் கையை நீட்டினார். உண்ணாமலை கொடுக்கவில்லை. இப்போது ஒண்ணு என்றாளே, வயிற்றைத் திறக்குமுன் எண்ணியபோது அப்படியா சொன்னாள்? களத்தில் முதல் மரக்காலை ஒண்ணு என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்று மங்கலமாகத் தொடங்கி, அடுத்ததை ரெண்டு என்பார்கள். ஐந்து நாளாக அதே வாய். அவள் லீலாவதி பக்கம் திரும்பினாள்.

"அக்கா, மொதல்ல நான் லாபம்னு சொன்னப்ப கோடு போட்டீங்களா?"

"நீ ஏதோ சாமி பேரைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்னு நெனச்சு விட்டுட்டேன். அப்புறம் உன் குரலுக்கு ஒரு கோடா போட்டுக்கிட்டே போனேன்," என்றாள் லீலாவதி. சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

டாக்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "போர்டும் ஆறு, ட்ரேயும் ஆறு. மரத்துப்போக ஊசி போட்டது இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்? இப்ப வந்து களத்துமேட்டுக் கதை சொல்றியா?"

வாயை மூடிக்கொண்டால் ஒருத்தருக்கும் தெரியாது. கரும்பலகையே அவளுக்குச் சாட்சி சொல்லும். ஆனால் உள்ளே ஊசி கிடந்து குடலைக் குத்தினால், இப்போது பிறந்த சிசுவுக்குத் தாய் இருக்கமாட்டாள். பாழாய்ப்போன வாயே என்று தன்னைத்தானே வைதுகொண்டாள்.

"ஒரு ஊசி உள்ள இருக்கு சார். தப்பு என்னுதுதான். தேடாம மூடாதீங்க."

"நிச்சயமாத் தெரியுமா?"

அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை. "ஏழுன்னு முடிச்ச மாதிரி ஞாபகம் சார்," என்றாள்.

"அது சொல்றது நெசந்தாங்க டாக்டரய்யா."

பச்சைத் திரைக்கு அந்தப்பக்கமிருந்து வந்தது குரல். செங்கமலத்தை எல்லாருமே மறந்துவிட்டிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனால் காதுமா மரத்துப்போகும்?

"லாபத்துல ஆரம்பிச்சு ஏழுல நிறுத்துச்சுங்க. பயத்துல நானும் கூடவே எண்ணிக்கிட்டுக் கெடந்தேன்."

டாக்டர் விளக்கை இழுத்துச் சாய்த்தார். உள்ளே வைத்திருந்த துணியை எடுத்தார், குடலை மெல்ல ஒதுக்கினார், கர்ப்பப்பைக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினார். தடவிய விரல் ஓர் இடத்தில் நின்றது. இடுக்கியால் அவர் வெளியே எடுத்த வளைந்த ஊசியின் காதில் நூல் இல்லை. தைக்கும்போதே எப்போதோ நழுவியிருக்கிறது. அதை ட்ரேயில் போட்டார். உண்ணாமலைக்குக் கண் நிறைந்துவிட்டது, கையுறை போட்ட கையால் துடைக்கவும் கூடாது.

"மறுபடி எண்ணு," என்றார்.

லீலாவதி பழைய கோடுகளை அழித்துவிட்டு சாக்பீஸோடு நின்றாள். உண்ணாமலை இந்தத் தடவை சர்வ ஜாக்கிரதையாக, "ஒண்ணு" என்றாள்.

"புள்ள பொறந்திருக்கிற வேளையில ஒண்ணுங்கிறியே தாயி," என்றாள் செங்கமலம். "லாபம்னே சொல்லு."

உண்ணாமலை டாக்டரைப் பார்த்தாள். அவர் நூலுக்குக் கையை நீட்டியபடியே சொன்னார். "சொல்லும்மா. லீலாவதி, அதுக்கும் ஒரு கோடு போடு."