வலைக்குள்ளிருந்து சென்னைக்கு

சிவப்பிரகாசம் சென்னையைத் தொட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

மனைவி உமா மகேஸ்வரியின் கணக்குப்படி அவர் இன்னும் கடலில்தான் இருந்தார். கரைக்கு நாற்பது கிலோமீட்டர் பாக்கி. உடம்போ இரண்டு இடத்திலும் இல்லை. அது போர்ட் பிளேரில், கார்பின்ஸ் கோவ் கடற்கரையில், முதலை வராமலிருக்கக் கட்டிய வலைக்குள் இருந்தது. அந்த வலையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நீந்தி நீந்தியே மனிதர் வங்காள விரிகுடாவைக் கடந்திருந்தார்.

துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்துத் திருநெல்வேலிப் பக்கமிருந்து தீவுக்கு வந்தவர், முதல் இருபது வருஷம் கடலை ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தார். நாற்பத்தைந்து வயதில் முதுகு பிடித்துக்கொண்டது. நீந்தச் சொன்னார் டாக்டர். நீச்சல் வசப்பட்ட பிறகுதான் தெரிந்தது, தண்ணீருக்குள் தலையை விட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று. சும்மாவே நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற ஆள். அவருக்கு அது பெரிய கண்டுபிடிப்பு.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் ஒருநாள், சாப்பாட்டு வேளையில், உமா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "ஊருக்கு எப்பத்தான் போவோம்?"

வழக்கமான பதில் மௌனம். அன்று என்னவோ வாயைத் திறந்தார். "வருஷத்துக்கு நூறு கிலோமீட்டர் நீந்தப் போறேன். சென்னைக்கு ஆயிரத்து இருநூறு இருக்கும். நீந்தி முடிச்ச மறுநாள் கெளம்பிருவோம்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசிய ஆக நீளமான பேச்சு அதுதான். உமா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். கேள்வியைத் தள்ளிவைக்க வேண்டுமே என்று ஒரு பெரிய தூரமாகப் பார்த்துச் சொன்னவர், சொல்லிவிட்டோமே என்று நீந்தவும் ஆரம்பித்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். மழைக்காலம் போக மிச்ச நாளெல்லாம் வருஷா வருஷம் நூறு. கொரோனா வருஷத்தில் கடற்கரையையே மூடிவிட்டார்கள்; அந்த ஒரு வருஷம் மட்டும் கணக்கு நகரவில்லை. மற்றபடி மூழ்காமல் போய்க்கொண்டே இருந்தார். சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைத்ததும் உமா கேட்பாள்: "இன்னைக்கு எவ்வளவு?" அவர் சொல்வார். அவள் மனசுக்குள் கூட்டிக்கொள்வாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. ஊருக்குப் போகத்தான் போகிறார்கள் என்று எல்லாரும் நினைத்தபோது, "கணக்கு முடியல" என்று சொல்லி ஜங்லிகாட்டில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தார். உமாவும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த வருஷம் முடிந்துவிடும் என்று கட்டிலைச் சௌல்தாரியில் இருந்த தோழி விஜயகுமாரிக்குக் கொடுத்துவிட்டாள். பீரோவும் போனது. இரண்டு பேரும் பாயில் படுத்தார்கள்.

பாயில் படுக்க ஆரம்பித்த பிறகுதான் சிவப்பிரகாசம் பொய் சொல்ல ஆரம்பித்தார். ஒன்றரை நீந்திவிட்டு அரை என்றார். இரண்டு நீந்திவிட்டு, "அலை ஜாஸ்தி, முடியல" என்றார். நீந்தாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் ஊருக்குப் போவதை நினைத்தால் மனசு அடித்துக்கொண்டது. மனசு அடித்துக்கொண்டால் போய் ஒளிய அவருக்கு இருந்த இடம் தண்ணீர் ஒன்றுதான். போக வேண்டி வந்துவிடுமே என்ற பயத்திலேயே முன்னைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"அரே சார், போதும் சார்!" என்று கரையிலிருந்து விசிலடிப்பான் உயிர்காவலன் பொன்னுத்துரை. அவனுடைய அப்பா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து தீவில் ரப்பர் பால் எடுத்தவர். "கொடி எறக்கணும். முதலைக்கே டியூட்டி முடிஞ்சிருச்சு. நீங்க என்னாங்க சார், ஓவர்டைமா?"

மகன் கௌதம் போன பிறந்தநாளுக்கு ஒரு கைக்கடிகாரம் அனுப்பியிருந்தான். நீந்துகிற தூரத்தை அது தானே அளந்து சென்னையிலிருக்கும் அவனுக்கு அனுப்பிவிடும் என்று சொல்லித்தான் கொடுத்தான். சிவப்பிரகாசம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தீவிலிருந்து எது ஒழுங்காக மெயின்லேண்ட் போய்ச் சேர்ந்திருக்கிறது? கடிதம் கப்பலுக்குக் காத்துக்கிடந்தது. போனில் ஹலோ மட்டும் போனது. ஒரு போட்டோ அனுப்பினால் போய்ச்சேர விடிந்துவிடும். கடிகாரம் அனுப்புவதும் நடுவழியில் கடலோடு போய்விடும் என்று இருந்துவிட்டார். ஆனால் சென்னையிலிருந்து கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் போட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தக் கேபிள் கப்பல் வந்தபோது அதற்குத் துறையில் இடம் ஒதுக்கிக் கொடுத்ததே அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கௌதம் கூப்பிட்டான். உமாவின் கையெல்லாம் தோசை மாவு. ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"அப்பா, என்னப்பா இன்னும் டிக்கெட் போடலயா?"

"கணக்கு முடியணும்லாடா," என்றாள் உமா.

"எந்தக் கணக்கும்மா? நீங்க சொன்ன பழைய கணக்கோட வாட்ச் அனுப்புறதையும் கூட்டினா, அப்பா சென்னைக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. நீங்களே சொல்வீங்கன்னு பாத்துட்டிருந்தேன். அவரு இப்ப கடல்லயே இல்ல. நேத்து சாயங்காலம் தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குள்ள நீந்திட்டிருந்தாரு."

அவன் சிரித்தான். இந்தப் பக்கம் சிரிப்பில்லை. தோசை கருகுகிற வாசனை வந்தது. உமா அடுப்பை அணைத்தாள். கௌதம் இரண்டு தடவை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு, தீவு நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டே வைத்துவிட்டான்.

உமா கை மாவைக் கழுவிவிட்டு வந்தாள். "நாப்பது கிலோமீட்டர்னு சொன்னியளே."

"ம்."

"நீந்தாம நீந்தினேம்பாவ, கேட்டிருக்கேன். நீந்திட்டு நீந்தலன்னு சொன்ன ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

அவருக்குக் கௌதம் அனுப்பிய வீடியோ ஞாபகம் வந்தது. அவர்கள் போய் இருக்கப்போகும் அவனுடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல்குளம். பெரியவர்களுக்குக் காலை ஆறிலிருந்து ஏழு வரை என்று பலகை. ஓரத்தில் நின்று அரட்டையடிக்கும் தொப்பி போட்ட தலைகள்.

"அங்க தண்ணிக்குள்ளயும் பாட்டு போடுதாங்க," என்றார்.

உமா அவரையே பார்த்தாள். "இங்க மட்டும் என்ன? சத்தமே இல்லாத வீட்ல நான் எப்படி இருந்தேன்னு நெனைச்சிய? எனக்கென்ன கிலோமீட்டர் மேல ஆசையா? எவ்வளவுன்னு கேட்டாத்தான ஒங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வந்துச்சு. அந்த ஒரு வார்த்தையும் பொய்யா?"

சிவப்பிரகாசம் எழுந்து சட்டையை மாட்டினார்.

"எங்க, கடலுக்கா?"

"டிக்கெட் போட."

கடைசி நாள் வலைக்குள் ஒரே ஒரு தடவை போய்த் திரும்பினார். பொன்னுத்துரை கைகொடுத்து ஏற்றிவிட்டான்.

"கப்பல் எத்தனை நாள்ல போயிரும் சார்?"

"மூணு நாள்."

"அரே ராமா! இதுக்கா இத்தனை வருஷம்? மொதல்லயே என்கிட்ட கேட்டிருந்தா நானே ஏத்திவிட்டிருப்பேனே."

கப்பல் ஒரு காலையில் கிளம்பியது. உமாவுக்கு முதல் நாள் முழுக்கத் தலைசுற்றல். மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தாள். நாலாபக்கமும் தண்ணீர். வலை இல்லை, மூலை இல்லை. இதைத்தான் தாண்டினோம் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோமா என்று சிவப்பிரகாசத்துக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப எங்க இருக்கோம்?" என்றாள் உமா.

வருஷத்துக்கு நூறு என்று அவர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். காலையில் பதினெட்டைக் கடந்திருக்கும். மத்தியானச் சாப்பாட்டின்போது பத்தொன்பது.

"ரெண்டாயிரத்து இருபதுல," என்றார்.

உமாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு எட்டிக் கீழே பார்த்தாள். கறுத்துக்கொண்டு வந்த தண்ணீரை நுரை பிளந்து போனது.

"கொரோனா வருஷமா?"

"ஆமா. அந்த வருஷம் பூரா இங்கயேதான் நின்னேன். கடற்கரைய மூடிட்டாங்கள்லா. ஒரு அடி நகரல. தெனமும் நீ எவ்வளவுன்னு கேப்ப. நான் ஒண்ணுமில்லம்பேன். ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சும் நீ ஒருநாளும் கேக்காம இருந்ததில்ல."

அவர் நிறுத்தினார். இவ்வளவு பேசியதில் மூச்சு வாங்கியது.

உமா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னொரு தடவை அந்த இடத்தைப் பார்த்தாள். கப்பல் அதற்குள் அதைத் தாண்டியிருந்தது.

"இவ்வளவு ஆழத்துலயா ஒரு வருஷம் நின்னிய?" என்றாள். "கால் வலிக்கலையா?"