சிவப்பு நூல் கட்டிய ராகி

தர்ஷினி விதைக்கு விஷம் வைக்கிறவள் என்று மூக்கண்டப்பள்ளியில் அவள் குடியிருந்த லைன் வீட்டில் ஒரு பேச்சு. பாதி உண்மைதான். ராகி விதையை ஒரு ரசாயனத்தில் ஊறவைத்து, கழுவி, விதைப்பது அவள் வேலை. அந்த மருந்து விதையின் மரபணுவைத் தாறுமாறாக மாற்றிவிடும். முக்கால்வாசி உருப்படாத செடிதான் வரும். ஆயிரத்தில் ஒன்று அதிர்ஷ்டத்துக்கு நல்லதாகத் தேறும். மழைக்காற்றில் சாயாத குட்டை ராகி ஒன்று கிடைக்காதா என்று ஓசூரில் அவளுடைய விதைக் கம்பெனி காத்திருந்தது. இந்தப் போகத்திலும் கிடைக்காவிட்டால் வேலையை மூடிவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று மேனேஜர் ராஜ்குமார் சொல்லிவிட்டார்.

தேனிக்காரியான அவளுக்கு இங்கே பேச்சுத்துணை கிடையாது. பக்கத்து அறைகளில் ஷிஃப்ட் ஆட்கள். முகம் பழகுவதற்குள் காலி செய்துவிடுவார்கள். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் கம்பெனி குத்தகைக்கு எடுத்த நிலத்திலும் அதே கதை. நிலத்துக்காரர் மனைவி மங்கம்மா தெலுங்கும் தமிழுமாக ஏதாவது கேட்டால், ஒரு சிரிப்போடு சரி. பேசத் தெரியாதவள் இல்லை. பேசிப் பழக்கம் விட்டுப்போனவள்.

மருந்தில் ஊறிய விதைகள் தந்த மணிகளையெல்லாம் ஒன்றாகக் கலந்து மறுபடி விதைத்திருந்தாள். எட்டாயிரம் செடியை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்ததில் மூன்று அகப்பட்டன. முழங்கால் உயரம், தடித்த தண்டு, நிறைந்த கதிர். அப்போதுதான் பால் பிடித்திருந்தது. சிவப்பு நூல் கட்டினாள். சந்தோஷத்தைச் சொல்ல போனில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், சொல்வதற்கு ஆளில்லை. மேனேஜரிடம் மணி முற்றியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அன்றே காய்ச்சல் கண்டது. நாலு நாள் அறையில் சுருண்டு கிடந்தாள். கதவை ஒருவரும் தட்டவில்லை.

ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் மூன்று செடியும் இல்லை.

"நூலு கட்டி வெச்சிருந்தியே பாப்பா, அதெல்லாம் நானே புடுங்கிட்டேன்" என்றாள் மங்கம்மா பெருமையாக.

கம்பெனிகளின் விதை வயல்களில் பத்து வருஷம் கூலிக்குப் போனவள் அவள். அங்கே வேறு ரகம் கலந்த செடியைக் கண்டால் சூப்பர்வைசர் நூல் கட்டிக்கொண்டே போவார், பெண்கள் பின்னாலேயே பிடுங்கிக்கொண்டு போவார்கள்.

"ஒண்டியா நீ எவ்ளோதான் செய்வே? நாலு நாளா உன்னக் காணோம், எனக்கு மனசே கேக்கல. போன் நம்பரும் இல்ல. புடுங்குனதை மாட்டுக்குப் போட்டுட்டேன்."

முற்றாத மணியோடு மூன்றும் போயாயிற்று, மறுபடி விதைக்க ஒரு மணிகூட மிச்சமில்லை. தர்ஷினி கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தாள், அழுகை வந்துவிட்டது.

மங்கம்மா கையைப் பிடித்துப் பார்த்தாள். "ஐயோ, இன்னும் சுடுதே! யாரு பாத்துக்கினாங்க உன்ன?"

இங்கே வந்த இரண்டு வருஷத்தில் அவளைக் காணோமே என்று நினைத்த ஒரே மனுஷி. நூல் எதற்கென்று இவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தர்ஷினிக்குத் தன் மேல்தான் ஆத்திரமாக வந்தது.

"நல்ல காரியம் செஞ்சீங்கக்கா" என்றாள்.

மங்கம்மா வீட்டுக்கு இழுத்துப்போய்க் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். பாதிச் சாப்பாட்டில் ராஜ்குமார் கூப்பிட்டார்.

"ஏதாவது தேறுச்சா?"

"இல்ல சார்."

"அப்போ மாசக் கடைசியோட நிலத்தை விட்டுடலாம்."

"சரி சார்."

மங்கம்மா இன்னொரு உருண்டையைத் தட்டில் வைத்தாள். "இனிமே மதியத்துக்குத் தெனம் இங்கியே வந்துடு பாப்பா. ஒண்டியாத் திங்காதே."

"வாரேங்க்கா" என்றாள் தர்ஷினி. மாசம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.