பெயர் போடாத நோயாளி

வலது காலில் கடைசி அக்குபங்சர் ஊசியைச் செருகிவிட்டு நிமிர்ந்தபோதுதான், அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கவில்லை என்பதை வேணுகா கண்டாள். சற்றுப் பொறுத்துப் பார்த்தாள். சண்முகலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்து, அதை மறந்துபோனவர்போலக் கிடந்தார்.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். உயிருள்ளவருக்குச் செய்வதுபோலவே குத்திய இடங்களைப் பஞ்சால் அழுத்தினாள். பிறகு குசினிக்குப் போனாள்.

"அம்மா, அப்பா போயிட்டார்."

தில்லைநாயகி தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள். "இப்பதானே குடிக்கக் கேட்டவர்" என்றாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். லாங்கன்தால் நகரத்திலிருந்து தம்பி நிருசன் வந்து, கட்டில் விளிம்பில் சப்பாத்தைக் கழற்றாமலே உட்கார்ந்தான். வேணுகாவுக்கு அழுகை வரவில்லை. அன்று பின்னேரம் சூரிச்சுக்குப் போகவேண்டியிருந்த சந்திப்புதான் நினைவுக்கு வந்தது. சீன மருத்துவம் செய்பவர்களின் தொழிற்சங்கத்தில் சேர, தான் வைத்தியம் பார்த்த ஒருவரைப்பற்றி எழுதிக் கொடுத்து, அங்கே போய் விளக்கவும் வேண்டும். அவள் எழுதியது அப்பாவைப்பற்றி. வயிற்றுப் புற்றுநோய், ஓயாத குமட்டல்.

"என்ரை பேர் போடேல்லையோ?" என்று அப்பா, அவள் அதை எழுதிய அன்றைக்குக் கேட்டார்.

"போடக்கூடாது அப்பா."

"பிறகு அது நான் எண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் சங்கத்துக்குப் போன் எடுத்தாள். மறுமுனையில் இருந்த பெண் அனுதாபம் சொல்லி, வேறொரு நாள் தந்தாள். இறந்தது அந்த நோயாளிதான் என்று வேணுகா சொன்னாள். வேறு யாரையாவது பற்றி எழுதித் தரலாமே என்றாள் அந்தப் பெண்.

"இல்லை, அவரே இருக்கட்டும்" என்றாள் வேணுகா ஜெர்மனில்.

அப்படியானால் முடிவுப் பகுதியை மட்டும் திருத்தி அனுப்பச் சொன்னாள் அந்தப் பெண்.

"என்னத்தைத் திருத்தப் போறாய், அக்கா?" என்று, அவள் போனை வைத்து விசயத்தைச் சொன்னதும் கேட்டான் நிருசன்.

"குமட்டல் குறைஞ்சது, சாப்பிடுறார் எண்டு எழுதினனான்."

தில்லைநாயகி கட்டிலுக்கடியில் இருந்த பிளாஸ்டிக் பேசினை இழுத்தெடுத்தாள். "குறையேல்லைப் பிள்ளை" என்றாள். "நீ வேலைக்குப் போனாப்பிறகு இதுக்குள்ளைதான் சத்தி எடுப்பார். உன்னட்டைச் சொல்லாதை எண்டவர். உனக்கு அந்தச் சங்க விசயம் சரிவர வேணுமாம்."

"எப்பவும் எடுத்தவரோ?"

"ஓம், நாள் தவறாமல்."

வேணுகா நோயாளியின் வீட்டாரைக் கேட்பதுபோலத்தான் கேட்டிருந்தாள். அது அவளுக்கே விளங்கியது.

"பிறகேன் ஒவ்வொரு நாளும் குத்தச் சொல்லிக் கேட்டவர்?"

அம்மா பேசினைக் கொண்டுபோய்க் கழுவினாள். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

அப்பாவைக் கொண்டுபோக இரண்டு பேர் வந்தார்கள். லிஃப்ட் சிறியது, படிக்கட்டால் இறக்க வேண்டும் என்றார்கள். நிருசன் முன்னால் போனான். வேணுகா பின்னால் இறங்கி, கீழ்வாசல் கதவைத் திறந்து பிடித்தாள். டீட்டிகோன் தெருவில் அப்போது மெல்லிய மழை. வண்டியின் பின்கதவு சாத்தப்பட்டது.

மேல்மாடிக்காரி இரண்டு கையிலும் பைகளோடு வந்தாள். வண்டி போவதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "குருயெட்சி" என்று வணக்கம் சொன்னாள்.

"குருயெட்சி" என்றாள் வேணுகா. மேல்மாடிக்காரி உள்ளே போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.