டீச்சருக்கு வழக்கமானது

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஹிசயோ டீச்சர் ஒரு மழைநாளில் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்து என்னிடம் சொன்னது. நானும் பொறுப்பாகத் தலையாட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது என்ற ஒரே தைரியத்தில் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். [உங்களில் யாருக்காவது ஜப்பானிய மொழி தெரிந்திருந்தால், தயவுசெய்து இந்தப் பக்கத்தோடு கோயிவா ஸ்டேஷன் பக்கம் போய்விடாதீர்கள். நான் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன்.]

அவர் சொன்னது இரண்டே வரி.

"எனக்கு அந்த மீன் பிடிக்காது. அவரப் பிடிக்கும்."

பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார். மிச்சத்தில் பாதியைக் குசுமி மாஸ்டருடைய சுஷிக் கடையின் மூலை ஸ்டூலில் உட்கார்ந்து நானே பார்த்தேன். மறுபாதியை இட்டுக்கட்டினேன். எது எந்தப் பாதி என்று கேட்டால் சொல்லமாட்டேன்.

2

முதல் தொடக்கம்: "மாலைச் சூரியன் கடைத்தெருவின் மீது பொன்னிறமாக..."

வேண்டாம். அந்தக் கடைத்தெருவுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். அங்கே சூரியனுக்கு வேலையில்லை.

இரண்டாம் தொடக்கம்: "சுஷி என்பது வெறும் உணவல்ல, அது ஒரு..."

எழுதும்போதே எனக்குக் கூச்சமாகிவிட்டது. குசுமி மாஸ்டர் கடையில் அது வெறும் உணவுதான். ஸ்டூல்களில் கிழிந்த இடமெல்லாம் டேப் ஒட்டியிருக்கும். டிவியில் பேஸ்பால் ஓடும். மதிய சுஷித் தட்டு, சூப்போடு சேர்த்து, பக்கத்து நூடுல்ஸ் கடை விலைக்கே கிடைக்கும். தெருக்காரர்கள் வீட்டுச் செருப்போடு வந்து, தின்று, பல் குத்திக்கொண்டே போவார்கள்.

மூன்றாம் தொடக்கம்: "ஹிசயோ டீச்சருக்குக் கொஹாதா பிடிக்காது."

இதை வைத்துக்கொள்கிறேன். சிக்கல் எங்கே இருக்கிறதோ அங்கேயே கதையும் தொடங்கட்டும்.

3

கொஹாதா என்பது வெள்ளித் தோல் மின்னும் சின்ன மீன். உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்து, ஒரு பிடி சோற்றின் மேல் படுக்க வைத்துக் கொடுப்பார்கள். மற்ற மீன்களை நல்லதாகப் பார்த்து வாங்கி வெட்டினால் போதும். இதற்குத்தான் மாஸ்டரின் கை வேண்டும். உப்பு ஒரு நிமிடம் கூடினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கொஹாதாவில் தொடங்கும் வாடிக்கையாளரைக் கண்டால் எந்த மாஸ்டருக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துவிடும்.

டீச்சர் விவாகரத்தான புதிதில் முதல்முறையாகத் தனியாக அந்தக் கடைக்குள் நுழைந்தார். கவுன்டரில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளர். நடுச்சந்தியில் என்ஜினை அணையவிடும் பயல்களை நாள் முழுக்க அதட்டி வேலை வாங்குபவர். இருந்தாலும் தனியாகக் கவுன்டரில் உட்கார்ந்த அன்று அவருக்கு எதைக் கேட்பதென்று தெரியவில்லை. பியூட்டி பார்லரில் புரட்டிய வாரப் பத்திரிகை ஒன்று கை கொடுத்தது. விஷயம் தெரிந்தவர்கள் கொஹாதாவில்தான் தொடங்குவார்களாம்.

"முதல்ல கொஹாதா" என்றார், தன் வேலைக் குரலில்.

குசுமி மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். மனைவியை இழந்து சில வருடங்கள் ஆன மனிதர். மீன்களைத் தவிர வேறெதையும் அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. வைத்தார். டீச்சர் வாயில் போட்டார். புளிப்பும் மீன் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. கண்களை இறுக மூடி விழுங்கினார்.

"பிரமாதம்" என்றார். வேறு என்ன சொல்வார், பாவம்.

அன்றிலிருந்து அவர் வந்து உட்கார்ந்ததும், கேட்காமலே, முதலில் கொஹாதா வந்துவிடும். "டீச்சருக்கு வழக்கமானது" என்பார் மாஸ்டர். அந்தக் கடையில் வழக்கமானது என்று ஒன்று வாய்ப்பது பெரிய கௌரவம். சலவைக்கடை இனாகி முப்பது வருடமாக வருகிறார், அவருக்கே கிடைக்கவில்லை.

"டீச்சர் கண்ண மூடிட்டாங்க பாருங்க" என்பார் இனாகி ஒவ்வொரு வாரமும். "எங்க வீட்டுக்காரியும் என்னப் பாத்தா இப்படித்தான் மூடுவா. ஆனா முகத்துல இந்தச் சந்தோஷம் இருக்காது."

[இனாகியை வெட்டிவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். கதைக்கு அவரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் அவரை நீக்கிவிட்டால் கவுன்டரில் நானும் காதலும் மட்டும் மிஞ்சுவோம். அது எங்கள் இருவருக்குமே சங்கடம்.]

4

இங்கே ஒரு தமிழ் வாசகர் குறுக்கிடுவது எனக்குக் கேட்கிறது. "இதென்னங்க கூத்து? இந்த மீன் வேணாம், வேற குடுங்கன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

ஐயா, உங்களுக்கு அரை நொடி ஆகும். நம்மூர் மெஸ்ஸில் சாம்பார் சரியில்லை என்றால் நாலு மேஜைக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, அடுத்த வேளையும் அங்கேயே போய் உட்காருவோம். இங்கே முதல் நாள் வாய் தவறிச் சொன்ன ஒரு "பிரமாதம்" போதும், ஆளைக் கட்டிப்போட்டுவிடும். முதல் வாரம் சொல்லியிருந்தால் சின்ன விஷயம். ஒரு வருடம் கழித்துச் சொன்னால் அவமானம். பன்னிரண்டு வருடம் கழித்து, அந்த மனிதர் காலையில் எழுந்து ஒவ்வொரு மீனாகத் தடவிப் பார்த்து உங்களுக்கென்றே சிறந்ததை ஒதுக்கி வைக்கிறார் என்று தெரிந்த பிறகு, எப்படி வாயைத் திறப்பீர்கள்?*

நடுவில் எந்த வாரத்தில் அவர்மேல் பிரியம் வந்தது என்று டீச்சருக்கே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அந்த இடத்துக்காக நான் எழுதிய பத்தி: "ஒருநாள் அவர் ஈரத்துணியில் கத்தியைத் துடைக்கும்போது, அவள் மனதில்..." இதற்கு மேல் ஓடவில்லை. விட்டுவிட்டேன். வந்துவிட்டது, அவ்வளவுதான்.

* கடையை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. கதையின் முடிச்சே அதுதான். கையை அதிலிருந்து எடுங்கள்.

5

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. கடையில் டீச்சர், இனாகி, நான். மாஸ்டர் கொஹாதாவை வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்காமல் நின்றார்.

"டீச்சர்."

"சொல்லுங்க மாஸ்டர்."

"இத வந்து... தினமும் உங்களுக்குப் பண்ணிக் குடுக்கணும்னு தோணுது." அவர் கவுன்டரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கடையில இல்ல. மாடில, வீட்ல. காலைச் சாப்பாட்டுக்கும் கூட. உங்களுக்குச் சம்மதம்னா."

இனாகியின் சாப்ஸ்டிக் பாதி வழியில் நின்றுவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. அந்தக் காலத்து ஆண்கள், "தினமும் எனக்குச் சூப் வச்சுத் தருவியா" என்று கேட்டால் பெண் கேட்கிறார்கள் என்று அர்த்தம். மாஸ்டர் அதைத் திருப்பிப் போட்டு, தானே சமைப்பதாகச் சொல்கிறார். என்னைக் கேட்டால், நான் கேள்விப்பட்டதிலேயே மரியாதையான பெண் கேட்பு அதுதான். அவர் தேர்ந்தெடுத்த மீன்தான் தப்பு.

டீச்சரின் நிலைமையைப் பாருங்கள். அவர் ஆசைப்பட்ட வாழ்க்கை எதிரே நிற்கிறது, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு. சரி என்று அந்தத் துண்டை விழுங்கினால், சாகும்வரை தினமும் காலையில் கண்ணை மூடவேண்டியதுதான். மீன் பிடிக்காது என்று உண்மையைச் சொன்னாலோ, உங்களைப் பிடிக்காது என்றுதான் அது மாஸ்டர் காதில் விழும். எதையும் நேராகச் சொல்லிப் பழகாத மனிதர், எதையும் நேராகக் கேட்கவும் மாட்டார். ஒரு மரத்தட்டு, அதில் ஒரு துண்டு மீன், அதில் இரண்டு பேருடைய முதுமை.

6

முடிவு ஒன்று. டீச்சர் விழுங்குகிறார். கல்யாணம். மீன் எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று டாக்டர் மெச்சுகிறார். டீச்சர் நெடுங்காலம் வாழ்கிறார், துரதிர்ஷ்டவசமாக.

முடிவு இரண்டு. "எனக்கு இது பிடிக்காது" என்கிறார். "புரிஞ்சுது டீச்சர்" என்று மாஸ்டர் குனிகிறார். அடுத்த வாரம் முட்டை சுஷி வருகிறது. அதற்கடுத்த வாரமும். இருவரும் கடைசிவரை மிகவும் மரியாதையாக இருக்கிறார்கள். [இதை எழுதிவிட்டு எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன்.]

முடிவு மூன்று. இனாகி கையை நீட்டி அந்தத் துண்டை எடுத்துத் தின்றுவிடுகிறார். இது எனக்குப் பிடித்திருந்தது, இனாகிக்கும் ஒரு வேலை கிடைக்கும். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி இன்னொரு துண்டு வருமே.

7

நடந்தது இது. [நடந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.]

டீச்சர் அந்த மரத்தட்டை இரண்டு கையாலும் எடுத்து, கவுன்டரில் மீன் அடுக்கியிருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மேலாக மாஸ்டர் பக்கமே திருப்பி வைத்தார். அந்தக் கடையில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

"எனக்கு இது பிடிக்காது மாஸ்டர். மொத நாள்லேர்ந்தே பிடிக்காது. ஒரு துண்டுகூட ரசிச்சுச் சாப்பிட்டதில்ல."

மாஸ்டரின் காது சிவந்தது. தட்டைப் பார்த்துத் தலையைக் குனிந்தார்.

"புரிஞ்சுது டீச்சர். மன்னிச்சுக்குங்க. இத்தன நாளா உங்களக் கஷ்டப்படுத்தி..."

"என்ன புரிஞ்சுது? உங்களுக்கு ஒண்ணும் புரியல." டீச்சரின் குரல் உயரவில்லை. "பிடிக்காத மீனு வரும்னு தெரிஞ்சே பன்னெண்டு வருஷமா வாரம் தவறாம வந்து உக்காந்திருக்கேன். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் வேற ரெண்டு கடை இருக்கு. அங்க என்ன கேக்குறேனோ அதத் தருவாங்க. அப்ப எதுக்கு இங்க வந்தேன்? நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

இனாகி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். எனக்கு எழுந்திருக்கவே மனமில்லை. எழுதுகிறவன் இருக்கவேண்டிய இடம் அதுதானே என்று கிசுகிசுத்தேன்.

"எழுதுறதெல்லாம் அப்புறம். முதல்ல வெளிய வாங்க" என்றார் அவர்.

வந்துவிட்டோம். வாசலில் தொங்கும் துணித்திரை எங்களுக்குப் பின்னால் விழுந்தது. அது விழும்போது மாஸ்டர் கத்தியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் ஏதோ சொன்னார். சொன்னது கேட்டது, என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. கற்பனை செய்து எழுதியிருக்கலாம். இதுவரை கூச்சமில்லாமல் அதைத்தானே செய்தேன். ஆனால் அந்த ஒரு வரியைக் கேட்க டீச்சர் அத்தனை வருடம் காத்திருந்தார். அதில் போய் நான் கைவைக்கமாட்டேன்.

உங்களுக்குத் தைரியம் இருந்தால் எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

மாஸ்டர் சொன்னார்: "............................"

ஒரே ஒரு நிபந்தனை. அதில் மீன் வரக்கூடாது.